ஒரு சொட்டு விட்டால் 'கிரீச்' போச்சு!

குழந்தைகளே, எல்லோரும் தூங்கிய பிறகு தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறீர்கள். சத்தம் போடாமல் கதவைத் தள்ளுகிறீர்கள். 'கிரீ...ச்!' தாத்தா, "யாரது?" என்கிறார். தெரு நாய் குரைக்கிறது. மறுநாள் பாட்டி தேங்காய் எண்ணெயைத் தொட்டுக் கதவுக் கீலில் தடவுகிறார். சத்தம் நின்று விடுகிறது.

சரி, அதே எண்ணெயை அம்மாவின் தையல் மிஷினுக்கும் விடலாமா? வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பாதிப் பேர் "விடலாம் சார்!" என்பார்கள். எண்ணெய் என்றால் எல்லாம் எண்ணெய்தானே என்பது அவர்கள் எண்ணம். அது அப்படி இல்லை.

நான் ஆறாம் வகுப்பு எடுத்த காலத்தில் ஒரு மாணவி, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது வாடிய முகத்தோடு வந்தாள். அவளுடைய அம்மா தையல் வேலை செய்துதான் குடும்பத்தை நடத்தி வந்தார். திடீரென்று மிஷின் இறுகிப் போய்விட்டது. காலால் எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் சுற்றவில்லை. தைக்க வேண்டிய பாவாடை, சட்டை எல்லாம் மூட்டையாகக் கிடக்கிறது. மிஷின் ரிப்பேர் செய்பவர் வந்து கழற்றிப் பார்த்தார். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஏதோ இருந்தது! அதில் நூல் தும்பும் தூசியும் ஒட்டிக் களியாகக் கிடந்தது. மிஷின் எண்ணெய் தீர்ந்துபோனதால் பல மாதங்களாகச் சமையல் எண்ணெயையே விட்டு வந்திருக்கிறார்கள். சுத்தம் செய்து ஓட வைக்க இரண்டு நாள் ஆனது. தீபாவளி நேரத்தில் இரண்டு நாள் போனால் என்ன ஆகும் என்று உங்கள் தெரு தையல்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

எண்ணெய் எப்படிப் பிசின் ஆனது? அதற்கு முன், எண்ணெய் எதற்கு என்று பார்த்துவிடலாம்.

உள்ளங்கை இரண்டையும் வேகமாகத் தேயுங்கள். சூடு வருகிறதா? அதுதான் உராய்வு. இரும்பு வழவழப்பாகத்தான் தெரியும். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் மலையும் பள்ளத்தாக்குமாக இருக்கும். இரண்டு இரும்புத் துண்டுகள் உரசும்போது இந்த மேடுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சூடு, சத்தம், தேய்மானம் மூன்றும் வருகின்றன. நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால், ஒன்றையொன்று தொடாமல் வழுக்கிக்கொண்டு போகும். இப்படி உராய்வைக் குறைக்கும் எண்ணெய்க்கு மசகு எண்ணெய் என்று பெயர்.

இந்த 'மசகு' நம் மாட்டு வண்டியில் இருந்து வந்த சொல். அச்சும் சக்கரமும் உரசும் இடத்தில் பூசும் கறுப்பு மையைத்தான் மசகு என்றார்கள். வைக்கோலை எரித்த கரியில் விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் வண்டி மை தயார். விளக்கெண்ணெய் நல்ல கெட்டி. இரும்பை விட்டு எளிதில் வழியாது. ஆங்கிலத்தில் விளக்கெண்ணெய்க்கு 'காஸ்டர் ஆயில்'. 'காஸ்ட்ரால்' என்ற இன்ஜின் ஆயிலின் பெயரே அதிலிருந்து வந்ததுதான்! மேல்நாடுகளில் தையல் மிஷின், கடிகாரம் போன்ற நுட்பமான எந்திரங்களுக்கு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைப் பயன்படுத்தினார்கள். பாவம், அதற்காக எத்தனை திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன!

1859-ம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் என்பவர் பூமியைத் துளைத்துக் கச்சா எண்ணெய் எடுத்தார். அதன் பிறகு பூமிக்குள் இருந்து வரும் எண்ணெய் பெருமளவில் கிடைக்கத் தொடங்கியது. கச்சா எண்ணெயைச் சூடாக்கினால் முதலில் எரிவாயு, பெட்ரோல் போன்ற லேசானவை பிரியும். பிறகு மண்ணெண்ணெய், டீசல். எல்லாம் போய் அடியில் தங்கும் கனமான பகுதியை, காற்றழுத்தத்தைக் குறைத்து மறுபடி காய்ச்சி, மெழுகை நீக்கிச் சுத்தம் செய்து மசகு எண்ணெய் எடுக்கிறார்கள். இதுதான் கனிம எண்ணெய், அதாவது மினரல் ஆயில். சென்னையை அடுத்த மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் இது தயாராகிறது. கடையில் 'மிஷின் எண்ணெய்' என்று கேட்டால் சின்னப் பாட்டிலில், தண்ணீர் போலத் தெளிவாகக் கொடுப்பார்களே, அது இந்த வகைதான்.

கனிம எண்ணெயில் கார்பனும் ஹைட்ரஜனும்தான் முக்கியம். அது காற்றோடு அவ்வளவு சீக்கிரம் வினைபுரியாது. சூரியகாந்தி, நல்லெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் வேறு மாதிரி. அவற்றின் மூலக்கூறுகளில், காற்றில் உள்ள ஆக்சிஜன் வந்து பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது. ஆக்சிஜன் சேரச் சேர, பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் கைகோத்துக்கொள்கின்றன. நீர் போல ஓடிய எண்ணெய் கெட்டியாகி, ஒட்டத் தொடங்குகிறது.

நம்ப முடியவில்லையா? அப்பளம் பொரிக்கும் வாணலியின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். இல்லாவிட்டால், குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் பாட்டியிடம் கேளுங்கள். "சனியன், போக மாட்டேங்குது!" என்று அவர் திட்டும் எண்ணெய்ப் பிசுக்குதான் அந்த மிஷினுக்குள்ளும் இருந்தது.

தேங்காய் எண்ணெய் அவ்வளவு வேகமாகப் பிசுக்காவதில்லை. ஆனால் அதற்கு வேறு ஒரு கோளாறு. சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் உறைந்து விடும். மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாதே! ஊட்டியில் இருக்கும் தையல் மிஷினுக்குள் அது உறைந்தால் எப்படி ஓடும்?

இப்போது வேலைக்கு வருவோம். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எதையும் செய்ய வேண்டும்.

தையல் மிஷினில் முதலில் ஊசியையும் நூலையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். மோட்டார் மிஷின் என்றால் பிளக்கையும் பிடுங்க வேண்டும். பாபின் இருக்கும் இடத்தில் சேர்ந்த தும்பைச் சின்ன பிரஷ்ஷால் தட்டுங்கள். தும்பை எடுக்காமல் எண்ணெய் விட்டால் பாதி பயன்கூட இல்லை. மிஷினின் தலையில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சொட்டு. சில புது மிஷின்களுக்கு எண்ணெயே விடக் கூடாது என்று கையேட்டில் போட்டிருக்கும். அதையும் படித்துவிடுங்கள். பிறகு சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, பழைய துணியில் கொஞ்சம் தைத்துப் பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் பட்டுப் பாவாடையை வைத்தால் எண்ணெய்க் கறைதான் மிச்சம். சக்கரத்தைச் சுற்றும் தோல் பெல்ட்டில் எண்ணெய் படக் கூடாது. பட்டால் வழுக்கும்.

சைக்கிளுக்கு வாருங்கள். செயினில் நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகள் உண்டு. சேற்றைத் துணியால் துடைத்துவிட்டு, ஸ்டாண்டு போட்டு, பெடலைப் பின்பக்கமாக மெல்லச் சுற்றியபடி கண்ணிக்கு ஒரு சொட்டு விட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து வெளியே இருக்கும் எண்ணெயைத் துடைத்து எடுத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டியது கண்ணிக்கு உள்ளேதான். வெளியே இருந்தால் மண்ணைத்தான் சேர்க்கும். ஒருவர் பெடல் சுற்ற, இன்னொருவர் செயினில் கை வைக்கும் விளையாட்டே வேண்டாம். விரல் பல் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். அதைவிட முக்கியம், பிரேக் கட்டையிலும் அது பிடிக்கும் ரிம்மிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது. வண்டியை நிறுத்துவதே அங்கே இருக்கும் உராய்வுதான். அங்கே எண்ணெய் பட்டால், பிரேக் பிடித்தாலும் சைக்கிள் நிற்காமல் ஓடும்!

பூட்டுக்கு எண்ணெய் விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. உள்ளே தூசி சேர்ந்துவிடும். பென்சில் முனையைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து, நாலு முறை திறந்து மூடிப் பாருங்கள். பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் வழுக்கும் பொருள்தான். மின்விசிறி பக்கம் நீங்கள் போகவே வேண்டாம்.

இதற்கு நேர்மாறான இடம் ஒன்று இருக்கிறது. முறுக்கு அச்சு, தேங்காய்த் துருவி, அரிவாள்மனை இவற்றில் மிஷின் எண்ணெய் தொடவே கூடாது. உணவு படும் இடம் அல்லவா? அங்கே சமையல் எண்ணெய்தான் சரி. உடனுக்குடன் கழுவி விடுவதால் பிசுக்கும் சேராது.

'மினரல் வாட்டர் குடிக்கிறோம், மினரல் ஆயில் குடித்தால் என்ன?' என்று கேட்கும் குறும்புக்காரர் யாராவது இருப்பீர்கள். மருந்துக் கடையில் 'லிக்விட் பாராஃபின்' என்று விற்பதும், பல பேபி ஆயில்களில் இருப்பதும் மிக நன்றாகச் சுத்திகரித்த கனிம எண்ணெய்தான். அதையும் டாக்டர் சொல்லாமல் குடிக்கக் கூடாது. மிஷின் எண்ணெய் அந்த அளவு சுத்திகரித்தது அல்ல. அதோடு, மெல்லிய எண்ணெயை விழுங்கும்போது புரையேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. உங்கள் வீட்டில் தம்பிப் பாப்பாவோ, தங்கச்சிப் பாப்பாவோ இருந்தால், இன்றைக்கே எண்ணெய் பாட்டில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தால் அப்பாவிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அப்போதுதான் நுரையீரலுக்குள் போக அதிக வாய்ப்பு. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

விடுமுறையில் ஒரு சோதனை செய்யுங்களேன். இரண்டு பழைய டப்பா மூடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சூரியகாந்தி எண்ணெய், மற்றொன்றில் மிஷின் எண்ணெய், ஒவ்வொரு சொட்டு விட்டு மெல்லிசாகப் பரப்புங்கள். எது எதில் என்று சீட்டு ஒட்டி, பழைய வலைத்துணியால் மூடி, வெயில் படும் ஜன்னலில் பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வாரம் ஒரு முறை குச்சியால் தொட்டுப் பார்த்து, எது வழுக்குகிறது, எது ஒட்டுகிறது என்று தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். மழைக்காலத்தில் கூடுதலாகச் சில வாரங்கள் பிடிக்கலாம்.