துப்பாக்கியைத் துடைக்க எந்தக் கருவி?

ஆண்டர்சன்பேட்டை கோலார் தங்க வயலில் உள்ள ஊர். இங்கே 1880-இல் பெரிய அளவில் தொடங்கிய சுரங்க வேலை 2001-இல் நின்றது. சுரங்கம் மூடினாலும், கருவி பிடித்த கைகள் இங்கே இன்னும் இருக்கின்றன. பிட்டர் வேலை பார்த்தவருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். நட்டுக்குப் பொருந்தாத ஸ்பானரைப் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். பிறகு சரியான ஸ்பானரும் அதில் பிடிக்காது.

துப்பாக்கிக்கும் இதே பாடம்தான். பயிர்க் காவலுக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள் கர்நாடகத்தில் உண்டு. பாங்கு வாசலில் நிற்கும் காவலாளியின் தோளிலும் துப்பாக்கியைப் பார்க்கிறோம். அது பெரும்பாலும் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கிதான்.

12 போர் என்றால் என்ன? ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாக 12 உருண்டைகள் ஆக்க வேண்டும். அதில் ஓர் உருண்டை எவ்வளவு பெரியதோ, அந்த அளவு குழலின் துளை இருக்கும். சுமார் 18 மில்லி மீட்டர்.

குழல் ஏன் கெடக் கூடாது?

சுடும்போது குழலுக்குள் மருந்து எரிந்து புகையாகிறது. அந்தப் புகையின் அழுத்தம் வெளிக் காற்றின் அழுத்தத்தைப் போலப் பல நூறு மடங்கு. ஆனால் வாய்ப் பக்கத்தில் குழலின் தகடு சுமார் 1 மில்லி மீட்டர்தான் இருக்கும். துரு தின்றால் தகடு இன்னும் மெலியும். குழலுக்குள் துணியோ மண்ணோ அடைத்திருந்தால் குழல் வெடித்துவிடும். சுடுபவரின் கை போகும், கண் போகும். அதனால்தான் துடைக்க வேண்டும். சரியான கருவியால் துடைக்க வேண்டும்.

முதல் வேலை

முதலில் துப்பாக்கியை மடக்கித் திறக்க வேண்டும். இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்ட வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. இதற்குப் பிறகுதான் கருவிகளைக் கையில் எடுக்கலாம்.

தேவையான கருவிகள்

1. துடைக்கும் கம்பி. இது மரத்தில் அல்லது பித்தளையில் இருப்பது நல்லது. குழல் இரும்பு. பித்தளையும் மரமும் அதைவிட மென்மையானவை. அதனால் குழலில் கீறல் விழாது. குடைக் கம்பி, கட்டடக் கம்பி வேண்டாம்.

2. பித்தளைக் கம்பி பிரஷ். 12 போருக்கு உரிய அளவாகக் கேட்டு வாங்க வேண்டும். குழலில் ஒட்டிய மருந்துக் கரியையும் ஈயத்தையும் இது சுரண்டி எடுக்கும்.

3. பழைய பருத்தித் துணி. நூல் பிரியாத துணியாக இருக்க வேண்டும்.

4. மெல்லிய மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் அது உறைந்துவிடும். கடலை எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகும். மண்ணெண்ணெய் அழுக்கை நீக்கும். ஆனால் துருவைத் தடுக்காது. மண்ணெண்ணெய் போட்டால் அதை நன்றாகத் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் போட வேண்டும். அடுப்புப் பக்கத்தில் இந்த வேலை கூடாது.

5. ஒரு திருப்புளி. இதன் முனை திருகாணியின் பள்ளத்தில் ஆடாமல் உட்கார வேண்டும். பள்ளம் எவ்வளவு நீளமோ, முனை அவ்வளவு அகலம். பள்ளத்தின் அகலத்துக்கு முனையின் கனம் சரியாக இருக்க வேண்டும். சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்பு போலச் சரிந்திருக்கும். அது பள்ளத்தின் மேல் விளிம்பில் மட்டுமே பிடிக்கும். திருகும்போது வழுக்கி வெளியே வரும். திருகாணியின் தலை கெடும். கையிலும் குத்தும்.

இந்தத் திருப்புளி எதற்கு? தோள் வார் மாட்டும் வளையத்தின் திருகாணி தளர்ந்தால் இறுக்குவதற்கு மட்டும். உள் எந்திரத்தின் திருகாணிகளைத் தொடக் கூடாது.

துடைப்பது எப்படி?

தோட்டா போடும் பக்கமிருந்து கம்பியை விட வேண்டும். முதலில் பிரஷ், பிறகு உலர்ந்த துணி, கடைசியில் எண்ணெய் தொட்ட துணி. எண்ணெய் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். முடிந்ததும் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். துணித் துண்டு உள்ளே நின்றிருக்கலாம். பல நாள் எடுக்காத துப்பாக்கியில் குளவி மண் கூடு கட்டியிருக்கலாம். இரண்டு குழலும் கண்ணாடி போலத் தெரிய வேண்டும். சுடுவதற்கு முன்பு சுத்தமான உலர்ந்த துணியால் எண்ணெயை எடுத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஈயம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு.

வேண்டாத கருவிகள்

சுத்தியல், கொறடு, அரம், பைப் ரெஞ்ச் ஆகியவை துப்பாக்கிப் பக்கம் வரக் கூடாது. உப்புத்தாளும் கூடாது. குழலின் மேல் இருக்கும் கறுப்புப் பூச்சு துருவைத் தடுக்கிறது. உப்புத்தாள் தேய்த்தால் அது போய்விடும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

துடைப்பதும் எண்ணெய் போடுவதும் வீட்டு வேலை. விசை இறுகிவிட்டது, குழல் நசுங்கிவிட்டது, மடக்கும் இடம் ஆடுகிறது என்றால் அது வீட்டு வேலை அல்ல. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். தெரிந்த வெல்டர், தெரிந்த பிட்டர் என்று கொடுக்கக் கூடாது. அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கொடுக்கக் கூடாது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில்தான் கொடுக்க வேண்டும். குழலை அறுத்துக் குட்டையாக்குவதும் குற்றம்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். அதில் துப்பாக்கியின் எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். உங்கள் லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். லைசென்ஸ் எந்தத் தேதியோடு முடிகிறது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.