புதிய மீன் தொட்டியில் நத்தைகள்: தடுக்கும் முறையும் அகற்றும் முறையும்

அலங்கார மீன் வளர்ப்பு இக்காலத்தில் பலருக்குப் பொழுதுபோக்காகவும், சிலருக்கு உபதொழிலாகவும் இருந்து வருகிறது. சென்னைக் கொளத்தூரில் இத்தொழில் பல குடும்பங்களுக்கு ஜீவனமாகவே அமைந்துள்ளது. கிராமங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கண்ணாடித் தொட்டிகளைக் காணலாம். இவ்வாறு புதிதாகத் தொட்டி வைப்போர் பெரும்பாலும் முதலில் சந்திக்கும் தொல்லை நத்தைகளேயாம். ஒருவரும் வாங்கிவிடாத நத்தைகள் ஒரு மாதத்திற்குள் கண்ணாடி முழுவதும் ஊர்வதைக் கண்டு, அவை நீரிலேயே தாமாக உண்டாயின என்று எண்ணுவோரும் உளர். அது சரியன்று. நத்தைகள் வந்த வழியையும், பெருகிய காரணத்தையும் அறிந்துகொண்டால் அவற்றை அடக்குவது கடினமான காரியமல்ல.

நத்தைகள் வரும் வழி

நத்தைகள் பெரும்பாலும் நீர்ச்செடிகளுடனேயே தொட்டிக்குள் வருகின்றன. குளத்திலிருந்து எடுத்த வேலம்பாசியாயினும், கடையில் வாங்கிய செடியாயினும், இலையின் அடிப்புறத்தில் பசை போன்ற சிறு முட்டைத் திரள் ஒட்டியிருக்கக்கூடும். கண்ணாடி போல் தெளிவாக இருப்பதால் அது எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. ஓரிரு வாரங்களில் முட்டைகள் பொரிந்து, கடுகினும் சிறிய குஞ்சுகள் வெளிப்படும்.

தொட்டிகளில் சாதாரணமாகக் காணப்படுபவை மூன்று வகை. முதலாவது, ஓட்டின் நுனியை மேலாகப் பிடித்தால் வாய் இடப்புறம் அமைந்திருக்கும் பைசா என்னும் சிறு நத்தை. இரண்டாவது, ஆட்டுக்கடாவின் கொம்பு போல் தட்டையாகச் சுருண்ட ஓடுடையது. இவ்விரு வகைகளிலும் ஒவ்வொரு நத்தையும் ஆண் பெண் இரண்டுமாய் இருப்பதால், ஒன்று புகுந்தாலும் இனம் விருத்தியாகிவிடும். மூன்றாவது, திருகாணி போல் நீண்ட கூரிய ஓடுடைய மெலனாய்டஸ். இது முட்டையிடாமல் குஞ்சுகளையே ஈனும். ஆண் துணையின்றியும் பெருகும். பகலில் மணலுக்குள் மறைந்திருந்து இரவில் வெளிவருவதால், பகலில் கண்ட தொகையைக் கொண்டு இதன் அளவை மதிப்பிடலாகாது.

பெருகும் காரணம்

மீன்கள் தின்னாமல் விட்ட இரை, அழுகும் இலை, கண்ணாடியில் படரும் பாசி ஆகியவையே நத்தைகளின் உணவு. எனவே நத்தைகள் திரளாகப் பெருகியிருத்தல், தொட்டியில் இரை மிஞ்சுகிறது என்பதற்கு அடையாளமாகும்.

புதிய தொட்டியில் இதற்கு வேறொரு முக்கியமும் உண்டு. மீனின் கழிவிலும் மிஞ்சிய இரையிலுமிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பின்னர் அதிகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் நிலைபெறுவதற்குச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் இரையை மிகுதியாக இடுவோர் நத்தைகளை வளர்ப்பதோடு மீன்களையும் இழப்பர். இரண்டு மூன்று நிமிஷங்களுக்குள் மீன்கள் தின்று தீர்க்கும் அளவே ஒரு வேளைக்குப் போதுமானது.

சில நத்தைகள் இருப்பதால் கேடொன்றுமில்லை. அவை பாசியையும் மக்கிய இலையையும் தின்று தொட்டியைச் சுத்தி செய்கின்றன. தொகை மிஞ்சும்போதுதான் நடவடிக்கை அவசியம்.

வருமுன் காத்தல்

புதிய செடிகளை நேராகத் தொட்டியில் நடாமல், வேறொரு பாத்திரத்தில் மூன்று வாரம் வைத்திருந்து, பொரிந்து வரும் குஞ்சுகளைப் பொறுக்கிவிடுதல் எல்லாவற்றிலும் உத்தமமான முறை. அவசரமாயின், வீட்டு உபயோகத்திற்குரிய வெளுப்புத் திராவகம் ஒரு பங்குக்குப் பத்தொன்பது பங்கு நீர் கலந்து, அதில் செடியை இரண்டு நிமிஷம் மட்டும் அமிழ்த்தி, உடனே நல்ல நீரில் பலமுறை அலச வேண்டும். மெல்லிய இலையுடைய செடிகள் இதனால் கருகிவிடக்கூடும். படிகார நீரில் ஊறவைப்பதும் வழக்கம். ஆயின் அது நத்தைகளைக் கொன்றாலும் முட்டைகள் தப்பிவிடுவதுண்டு. ஆகையால் அதை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

அகற்றும் முறை

முதலில் இரையைக் குறைக்க வேண்டும். அடுத்து, இரவில் விளக்கணைக்கும் சமயம் ஒரு துண்டு வெள்ளரிக்காயையோ, வெந்நீரில் வாட்டிய முட்டைக்கோசு இலையையோ சிறு கல்லைக் கட்டித் தொட்டியின் அடியில் இறக்கி வைக்கலாம். விடியுமுன் அதில் மொய்த்திருக்கும் நத்தைகளோடு வெளியே எடுத்துவிட வேண்டும். சில நாட்கள் விடாது செய்துவந்தால் தொகை வெகுவாகக் குறையும். கண்ணாடியில் தென்படும் முட்டைத் திரள்களைச் சுரண்டி எடுப்பதும் அவசியம். எடுத்த நத்தைகளை நசுக்கி மண்ணில் புதைத்துவிட வேண்டும்.

நத்தை தின்னும் மீன்களை வாங்கிவிடுமாறு யோசனை கூறுவோர் உண்டு. கேரளத்துச் சிறு பேத்தை மீன் நத்தைகளை விரும்பித் தின்னும். ஆனால் மற்ற மீன்களின் துடுப்புகளையும் கடிக்கும். அயிரைக்கு உறவான கோமாளி மீன் ஓரடி வரை வளரக்கூடியது. சிறு தொட்டிக்கு ஏற்றதன்று. சிறு தொல்லையைத் தீர்க்கப் பெருந் தொல்லையை விலைக்கு வாங்குதல் உசிதமன்று.

மயில்துத்தம் இடுவதில் அபாயம்

மயில்துத்தம் நத்தைகளைக் கொல்லும் என்பது உண்மையே. ஆனால் செம்புச் சத்து இறால்களையும் செடிகளையும் அழிக்கும், உப்பும் சுண்ணாம்பும் குறைந்த மென்மையான நீரில் மீன்களுக்கே நஞ்சாகும், மணலிலும் தங்கிவிடும். அன்றியும், நூற்றுக்கணக்கான நத்தைகள் ஒரே நாளில் மடிந்து அழுகினால் அம்மோனியா மிகுந்து, நீரில் பிராணவாயு குறையும். நுண்ணுயிர்கள் நிலைபெறாத புதிய தொட்டியில் இது மீன்கள் அனைத்திற்கும் முடிவாகலாம்.

கழிவு நீரும் கால்நடைகளும்

விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, தொட்டியைக் கழுவிய நீர் எங்கே போகிறது என்பதாகும். தட்டையான கொம்பு நத்தைகளுள் இந்நாட்டுக் குளங்களில் வாழும் இண்டோபிளானார்பிஸ், மாடுகளுக்குக் குறட்டை நோயை உண்டாக்கும் புழுவைத் தாங்கி வளர்ப்பது. இப்புழு 1933இல் ராவ் என்பவரால் விவரிக்கப்பட்டது. நோயுற்ற மாட்டின் மூக்குச் சளி வழியே முட்டைகள் நீரில் விழ, அவற்றினின்று வெளிவரும் இளம்புழு நத்தையில் வளர்ந்து, பின் நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உட்புகுகிறது. லிம்னேயா இனத்து நத்தைகள் ஈரல் புழுவுக்கு இடங்கொடுப்பன. மாடு இறங்கும் குளத்திலிருந்து தொட்டிக்குச் செடி எடுப்பதும், தொட்டி நத்தைகளை அக்குளத்தில் கொட்டுவதும் ஒருங்கே தவிர்க்கத்தக்கவை.

நெல் வயலுக்கு நேரக்கூடிய கேடு இன்னும் பெரிது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த பொன் ஆப்பிள் நத்தை 1980ஐ ஒட்டி உணவுக்கென்று தைவானுக்குக் கொண்டுவரப்பட்டது. வியாபாரம் பயன் தராமற்போகவே வாய்க்கால்களில் பரவி நாற்றுகளைத் தின்னத் தலைப்பட்டது. பிலிப்பைன்ஸ், ஜப்பான் முதலிய நாடுகளின் வயல்களும் இதனால் சேதமடைந்தன. ஸ்பெயின் நாட்டு ஏப்ரோ ஆற்றின் கழிமுகத்தில் 2009இல் இது கண்டறியப்பட்டது. 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் பொமேசியா இனம் முழுவதையும் உள்ளே கொண்டுவரத் தடை விதித்தது. நட்டபின் முதல் பதினைந்து நாட்களே நாற்றுக்குப் பெரும் அபாயமான காலம்.

பைலா இனத்து நாட்டு நத்தை கரை மண்ணில் வெண்ணிற முட்டையிடும். பொன் ஆப்பிள் நத்தையோ நீர்மட்டத்திற்கு மேலே தண்டிலும் சுவரிலும் இளஞ்சிவப்பு நிறத்தில் கொத்தாக முட்டையிடும். அத்தகைய முட்டைகளை வாய்க்காலிலோ வயலிலோ காண்போர் தாமதமின்றி வேளாண்மை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அழகுக்காக விற்கப்படும் பெரிய நத்தைகளை எக்காரணத்தாலும் திறந்த நீரில் விடலாகாது.

தொட்டி நீரை வாய்க்காலிலோ ஏரியிலோ ஊற்றாமல், அவை எட்டாத மேட்டுநிலத்துத் தென்னைக்கோ வாழைக்கோ பாய்ச்சினால் அது உரமுமாகும். வேண்டாத செடிகளையும் மணலையும் நன்றாக வெயிலில் உலர்த்திப் புதைத்துவிட வேண்டும். வீட்டுத் தொட்டியில் ஒருவர் காட்டும் இந்தச் சிறு கவனம், ஊர் முழுவதின் கால்நடையையும் நெற்பயிரையும் காக்கும்.