ஜீப் முனகுதா? முதல்ல காதைக் கொடுங்க!

கொல்லிமலை, சிறுமலை, கொடைக்கானல் கீழ்மலைப் பக்கம் வெள்ளாமை செய்கிறவர்களுக்கு ஃபோர் வீல் ஜீப் ஆடம்பரம் கிடையாது. பலாவும் மிளகும் வாழைத்தாரும் கீழே இறங்கணும், எரு மூட்டை மேலே ஏறணும். மழைக்காலச் சேற்றில் வேறு வண்டி ஏறாது. அந்த வண்டி ஒருநாள் 50 கிலோமீட்டர் வேகத்தில் ‘ஊய்ங்’னு முனக ஆரம்பித்தால், நேராகப் பட்டறைக்குத்தான் ஓட்டிக்கிட்டுப் போகிறோம். “கிரவுன் பினியன் போச்சுண்ணே” என்ற ஒரு வார்த்தையில் ஒரு போகத்து வருமானம் கரைந்துவிடுகிறது. எங்கள் பக்கத்து நண்பர் ஒருவர் அப்படி முழு செட்டையும் மாற்றினார். சத்தம் போகவில்லை. கடைசியில் பார்த்தால், மேடும் பள்ளமுமாகத் தேய்ந்துபோன பின் டயர்!

மாடு மூச்சு விடுவதை வைத்தே என்ன கோளாறு என்று சொல்கிற ஆட்கள் நாம். வண்டிக்கும் அதே பழக்கம்தான் வேண்டும். சத்தம் எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பார்க்கணும். என்ஜின் சுற்றோடா, வண்டி ஓடும் வேகத்தோடா?

ஆள் நடமாட்டம் இல்லாத, சமமான ரோட்டில் சத்தம் வருகிற வேகத்துக்குப் போங்கள். அப்படியே கிளட்ச்சை மிதித்து ஆக்சிலேட்டரை விடுங்கள். என்ஜின் சுற்று இறங்கியும் முனகல் தொடர்ந்தால், என்ஜினை விட்டுவிடலாம். கோளாறு கிளட்ச்சுக்குப் பின்னால் சுழல்கிற ஏதோ ஒன்றில் இருக்கிறது. சத்தம் உடனே அடங்கிவிட்டால், வண்டியை நிறுத்தி நியூட்ரலில் அதே அளவு ஆக்சிலேட்டர் கொடுத்துப் பாருங்கள். நிற்கும்போதும் அதிர்ந்தால் என்ஜின் மவுண்டிங் ரப்பர், ஃபேன் பக்கம் தேடணும். இந்தச் சோதனையை மலை இறக்கத்தில் மட்டும் செய்யவே கூடாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் கிளட்ச்சை மிதித்துப் பார்க்கிற விஷயம் இல்லை இது.

அடுத்தது, அதிர்வு மெதுவானதா, நெருக்கமானதா? 70 சென்டிமீட்டர் உயர டயர் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஏழெட்டு சுற்று. புரொப்பல்லர் ஷாஃப்ட் பல ஜீப்புகளில் ஏறக்குறைய அதைப்போல 4 மடங்கு சுற்றும், அதாவது வினாடிக்கு 30. அதனால் சக்கரத்துக் கோளாறு ஸ்டியரிங்கை ‘தட தட’ன்னு ஆட்டும். ஷாஃப்ட் கோளாறு சீட்டிலும் தரையிலும் வண்டு ரீங்காரம் மாதிரி உறுமும்.

ஸ்டியரிங் ஆடினால் செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். ரிம்முக்கு உள்பக்கம் காய்ந்து ஒட்டியிருக்கிற சேற்றைச் சுரண்டி எடுத்துக் கழுவுங்கள். ஒரு கைப்பிடி மண் போதும், வண்டியை ஆட்டிவைக்க. பட்டன் டயர் என்றால் தார் ரோட்டில் கொஞ்சம் இரைச்சல் இயல்புதான். சந்தேகம் இருந்தால் முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தம் இடம் மாறினால் டயர்தான்.

வளைவில் சத்தம் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்தில் விழும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங்தான். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, என்ஜினை நிறுத்தி, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். முன் சக்கரம் ஆடினால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் பக்கம் பார்க்கணும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பேரிங் முற்றிலும் போனால் சக்கரம் இறுகும், கழன்றும் போகும். ஒற்றைச் சக்கரத்தைத் தூக்கிவைத்து, ஃபோர் வீல் போட்டு, என்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கிறவர்களும் உண்டு. தரையில் இருக்கிற சக்கரம் இழுத்து வண்டி ஜாக்கியை விட்டுக் குதித்துவிடும். வேண்டவே வேண்டாம்.

இனி ஷாஃப்ட். இரண்டு முனையிலும் இருக்கிற கிராஸை கையால் முறுக்கிப் பாருங்கள். ஓரத்தில் துருப்பொடி தெரிந்தால் கிரீஸ் வற்றிவிட்டது என்று பொருள். கிராஸ் நல்லதாக இருந்தும் அதிர்வு வருகிறதா? “சமீபத்தில் ஷாஃப்டைக் கழற்றினீங்களா?” என்று யாராவது கேட்டால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். கிராஸ் சாய்வாகச் சுழலும்போது ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். மறுமுனைக் கிராஸ் அதைச் சரிக்கட்டுகிறது. அதற்கு ஷாஃப்டின் இரண்டு முனைக் கவைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கணும். நடுவில் நீள்கிற ஸ்லிப் ஜாயிண்டைப் பிரித்து ஒரு பல் தள்ளி மாட்டினாலும் போச்சு, வண்டி உறுமும். கழற்றும் முன்னால் இரண்டு பக்கமும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். பட்டறையில் நின்று கோடு போடச் சொல்வதில் வெட்கமில்லை.

முன் ஹப்பில் விடுவிக்கிற வசதி இல்லாத ஜீப்புகளில், டூ வீலில் ஓட்டினாலும் முன் ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதனால் ‘நான் ஃபோர் வீலே போடலை’ன்னு அதை விட்டுவிடக் கூடாது. இரு முனையும் போல்ட்டில் நிற்கிற ஷாஃப்ட் என்றால், முன்னதைக் கழற்றிவைத்து டூ வீலில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

பழைய ஜீப்புகளின் ஃபோர் வீலில் முன்னும் பின்னும் ஷாஃப்டுகள் ஒரே வேகத்தில் கட்டுண்டு சுற்றும். திருப்பத்தில் முன் சக்கரம் அதிக தூரம் போகணும், போக முடியாது. சேற்றில் டயர் வழுக்கி அதைச் சமாளிக்கும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது, வண்டி முறுக்கிக்கொண்டு உதறும், லீவரும் இறுகிவிடும். இது பழுது அல்ல, பயன்படுத்தும் முறை. நேராகப் பத்தடி பின்னால் எடுத்தால் முறுக்கு விட்டு லீவர் விடும். முன் டயர் புதுசு, பின் டயர் மொட்டை என்று ஓட்டினாலும் ஃபோர் வீல் போட்டவுடன் இதே தொல்லைதான்.

இவ்வளவும் சரியாக இருந்து, ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ஊளையிட்டு விட்டவுடன் அடங்கினால் (அல்லது தலைகீழாக நடந்தால்) அப்போதுதான் கிரவுன் பினியனைச் சந்தேகப்படலாம். அதற்கும் முன் ஹவுசிங் ஆயிலை இறக்கிப் பாருங்கள். ஓடை கடக்கிற வண்டியில் தண்ணீர் புகுந்திருந்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கும். வடிகால் காந்தத்தில் மாவுபோல ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். நகக்கண் அளவு இரும்புச் சில்லு கிடைத்தால் அதைத் துணியில் முடிந்து பட்டறைக்கு எடுத்துப்போங்கள்.