மறுகாலில் ஏறும் மீனுக்கு வழி

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகி மறுகால் பாயும்போது, விருதுநகர் மாவட்டம் ஆலங்குளம் பகுதி விவசாயிகள் பார்த்துப் பழகிய காட்சி ஒன்று உண்டு. கெண்டை, கெளுத்தி போன்ற மீன்கள் ஓடைநீரை எதிர்த்து வந்து, கலுங்குச் சுவரில் மோதி விழும். இவற்றில் பல முட்டையிட ஏறி வரும் சினை மீன்கள். அந்த இடத்திலேயே வலை போட்டு அள்ளிவிட்டால் அடுத்த ஆண்டு மீன் எங்கிருந்து வரும்?

மீனைத் தடுப்பது சுவரின் உயரம் மட்டுமல்ல, நீரின் வேகமும்தான். இரண்டடி, அதாவது 60 செ.மீ. உயரத்திலிருந்து விழும் நீர் விநாடிக்குச் சுமார் 3.4 மீட்டர் வேகம் பெறுகிறது. அரை அடி நீள மீன் முழு மூச்சாகப் பாய்ந்தாலும் விநாடிக்கு ஏறக்குறைய 1.5 மீட்டர்தான் செல்லும். அதுவும் சில விநாடிகளே. ஆனால் அதே இரண்டடியை 10 செ.மீ. வீதம் ஆறு படிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு படியிலும் வேகம் 1.4 மீட்டராகக் குறைகிறது. படிக்குப் படி சிறு பள்ளம் இருந்தால் மீன் அங்கே இளைப்பாறி மேலேறும். சின்னஞ்சிறு மீன்களுக்கு இந்த வேகமும் அதிகம். ஓரத்தில் கரடுமுரடாகக் கற்கள் பதித்தால், இடுக்குகளில் மெல்ல ஓடும் நீரில் அவை ஏறிவிடும்.

படிவழியின் வாய் கலுங்கின் அடியை ஒட்டியே இருக்க வேண்டும். நீர் இரைந்து விழும் இடத்தைத் தேடித்தான் மீன் வரும். தள்ளி அமைத்தாலும், அதில் நீர் கசிவுபோல் ஓடினாலும், மீன் வழியைக் கண்டுகொள்ளாது.

வழி மட்டும் போதாது, பருவத்தில் தண்ணீரும் வேண்டும் என்பதற்குக் காவிரியே சாட்சி. கடலிலிருந்து கொள்ளிடத்தில் முட்டையிட ஏறி வந்த உல்லம் மீனுக்கு 1836இல் கட்டிய கீழணை குறுக்கே நின்றது. 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் ஆற்று வெள்ளமும் குறைந்தது, உல்லமும் அருகிப்போயிற்று.

கலுங்கில் கைவைக்குமுன் கண்மாய்க்குப் பொறுப்பான அலுவலகத்தில் அனுமதி பெறுவது அவசியம். கல் அடுக்கி மறுகாலின் அகலத்தைக் குறைத்தால் வெள்ளத்தில் கரை உடையும். வளர்ப்பு மீன் தப்பாமலிருக்கக் கட்டும் வலையிலும் செத்தை அடையாமல் அடிக்கடி நீக்க வேண்டும். கட்லா, ரோகு குஞ்சுகளை வழக்கம்போல் வாங்கித்தான் விட வேண்டும். அவை கண்மாயில் குஞ்சு பொரிப்பதில்லை. நாட்டு மீனுக்கோ, மறுகால் பாயும் முதல் சில நாட்கள் வலை போடாமல் விட்டாலே போதும். செலவில்லாமல் கண்மாயில் மீன் பெருகும்.