புகை நீங்கிய புகைக்குடா

உலகப் படத்தில் ஐரோப்பாவுக்கு வடமேற்கே கடலால் சூழப்பட்ட தீவு ஒன்றைக் காணலாம். அதுவே ஐஸ்லாந்து. அதன் தலைநகர் ரெய்க்யவிக் என்பது. ஏறக்குறைய 874ஆம் ஆண்டில் இங்கோல்பர் ஆர்னார்சன் என்பான் நார்வே நாட்டினின்றும் கடல் கடந்து வந்து அங்குக் குடியேறினான் என்பது அந்நாட்டார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. கரையில் வெண்புகை எழக் கண்டமையால் அவ்விடத்திற்குப் 'புகைக்குடா' என்று பொருள்படும் இப்பெயரை இட்டனராம். ஆனால், அவர்கள் கண்டது புகையன்று. நிலத்தின் அடியினின்று கொதித்தெழும் வெந்நீர் ஊற்றுகளின் ஆவியேயாகும். பிழையாகப் பிறந்த அப்பெயர், ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின் மெய்யாகிவிட்டது. எவ்வாறு எனில், கூறுவேன்.

குளிர்காலத்தின் நடுவில் அந்நகரில் பகற்பொழுது நான்கு மணி நேரமே நிலவும். எஞ்சிய இருபது மணி நேரமும் இருளே. ஆதலால், சூடும் வெளிச்சமும் அங்கு உயிர்காக்கும் பொருள்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள் கப்பலில் வந்திறங்கிய நிலக்கரியை வீடுதோறும் எரித்துக் குளிர் காய்ந்தனர். 1910ஆம் ஆண்டில் அமைந்த ஆலை ஒன்று நிலக்கரியிலிருந்து வாயுவை வடித்து அடுப்புக்கும் தெருவிளக்குக்கும் அளித்தது. காற்று ஓய்ந்த நாளில் கரும்புகை ஊர்மேல் கவிந்து நிற்கும். புகைக்குடா புகைக்குடாவே ஆயிற்று!

வியப்பு யாதெனில், அவர்தம் காலடியிலேயே வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. (வெம்மை, நீர் என்னும் இரு சொற்களும் புணர்ந்து வெந்நீர் ஆயின. 'சுடு வெந்நீர்' என்பாரும் உளர், அது மிகை.) அந்நீரை ஊரார் பெரிதும் ஆடை வெளுப்பதற்கே பயன்படுத்தினர். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஊற்றுகளுக்குப் பெண்கள் அழுக்கு மூட்டைகளையும் தொட்டிகளையும் முதுகில் சுமந்து, பனியிலும் காற்றிலும் நடந்து சென்றனர். ஈரப் பாறையில் கால் வழுக்கிக் கொதிநீரில் வீழ்ந்து மாண்டவர்களும் உண்டு. பின்னரே ஊற்றின்மேல் இரும்புக் கம்பிகள் வளைத்துப் பொருத்தப்பட்டன. அப்பெண்கள் நடந்த வழியே இன்று கடைகள் நிறைந்த பெருந்தெருவாக விளங்குகின்றது. லௌகாவேகுர் என்னும் அதன் பெயர் இன்றளவும் அவ்வூற்றுகளையே நினைவூட்டுகின்றது. அரசரும் தலைவரும் தெருப்பெயராக நிற்பதை எங்கும் காணலாம்; ஆடை வெளுத்த பெண்களின் உழைப்பு தெருப்பெயரில் நிலைத்திருப்பது அரிது.

1928ஆம் ஆண்டில் அவ்வூற்றுகளின் அருகே நிலத்தைத் துளையிட்டனர். நொடிக்கு 14 லிட்டர் அளவில், 87 பாகை வெம்மையுடைய நீர் கிடைத்தது. 1930இல் அந்நீர் குழாய் வழியாக நகருக்குள் வந்தது. முதலில் அதன் சூட்டைப் பெற்றது எது தெரியுமா? ஒரு பள்ளிக்கூடம்! மருத்துவமனையும் நீச்சல் கூடமும் சில பத்து வீடுகளும் அதனைத் தொடர்ந்தன. பின்னர் வேறோர் ஊற்றுநிலத்தினின்றும் நீர் கொணர முனைந்தபோது உலகப்போர் குறுக்கிட்டது. டென்மார்க்கிலிருந்து வரவேண்டிய குழாய்கள் தடைப்பட்டன. எனினும், 1943இல் பணி நிறைவேறியது. இந்நாளில் அந்நகரின் வீடுகள் ஏறக்குறைய அனைத்தும் நிலவெப்பத்தாலேயே சூடேறுகின்றன.

இதன் முறை எளியது. சுவரோரம் பொருத்திய குழாய்களில் வெந்நீர் சுழன்று அறைக்குச் சூட்டை ஈந்து வெளியேறும். அவ்வாறு ஆறிய நீரையும் அவர்கள் வீணாக்குவதில்லை. நடைபாதையின் அடியில் செலுத்திப் பனியை உருக்குகின்றனர். 1990இல் இயங்கத் தொடங்கிய நெஸ்யவெட்லிர் நிலையத்திலிருந்து 27 கிலோமீட்டர் கடந்து வரும் நீர், வழியில் இரண்டு பாகை அளவே வெம்மை குறைகின்றதாம். குழாயின்மேல் போர்த்தப்பட்ட காப்புறையே அதற்குக் காரணம்.

குறையே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. நிலத்தடி ஆவியோடு கந்தக நாற்றமுடைய வாயுவும் கரியமில வாயுவும் கலந்து வருகின்றன. 2006இல் தொடங்கிய ஹெட்லிஷெய்தி மின்நிலையத்தில் இவற்றை நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்துகின்றனர். அங்கு அவை பாறையோடு கலந்து தாமும் கல்லாகின்றன. கரியமில வாயுவின் பெரும்பகுதி இரண்டே ஆண்டுகளில் கல்லாயிற்று என 2016இல் அறிஞர் வெளியிட்டனர்.

இனி, விளக்கைப் பற்றிச் சிறிது கூறுவேன். 1921இல் எல்லிதாவ் ஆற்றின் நீர் நகருக்கு மின்னாற்றலைத் தந்தது. இன்றும் அங்கு ஒளிரும் விளக்குகளுக்கு ஆற்றல் அளிப்பன நீரும் நிலவெப்பமுமே. தூய ஆற்றலாயினும் அளவின்றிச் சிந்துதல் தகாது. தெருவிளக்கின் ஒளி தரையில் நடப்பார்க்கு உரியது. மேல்நோக்கிச் செல்லும் ஒளியோ எவர்க்கும் பயன்படாமல் வானை வெளிறச் செய்து விண்மீன்களை மறைக்கின்றது. ஆதலின், மேற்புறம் மூடிய விளக்குகளைத் தெருவில் நிறுவுதலே அறிவுடைமை.

2006 செப்டம்பர் 28ஆம் நாள் இரவு பத்து மணிக்கு அந்நகரத்தார் ஒரு புதுமை செய்தனர். நகரின் தெருவிளக்குகள் அனைத்தையும் அரைமணி நேரம் அணைத்தனர். விண்மீன்களைப் பற்றி வானநூல் அறிஞர் ஒருவர் வானொலியில் விளக்கவுரை ஆற்றினார். மக்கள் வாயிலுக்கு வந்து நிமிர்ந்து நோக்கினர். பத்தரை மணிக்கு விளக்குகள் மீண்டும் எரிந்தன.