சம்பளத்தோடு சொந்தத் தொழிலும்: ஜனவரியில் வந்து நிற்கும் கல்விக் கடன்

இங்கிலாந்தில் பகலில் அலுவலக வேலை, வார இறுதியில் சொந்தத் தொழில் என்று ஓடும் இளைஞர்கள் ஏராளம். ஒருவர் டியூஷன் எடுக்கிறார், இன்னொருவர் கல்யாணங்களுக்கு போட்டோ எடுக்கிறார். லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் வளர்ந்த நம் பிள்ளைகளும் இவர்களில் உண்டு. பலருக்குப் பல்கலைக்கழகக் கல்விக் கடன் பாக்கி இருக்கிறது. 'அதைத்தான் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்களே' என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நிம்மதி ஜனவரியில் கலைந்துபோகிறது.

நிறுவனத்துக்குத் தெரிவது பாதிக் கணக்குதான்

2012 செப்டம்பர் முதல் 2023 ஜூலை வரை இங்கிலாந்தில் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்கள் வாங்கியது 'பிளான் 2' கடன். 2025-26 வரி ஆண்டில் இதற்கான வருமான வரம்பு 28,470 பவுண்டு. அதற்கு மேல் வரும் வருமானத்தில் 9 சதவீதத்தைக் கடனுக்குக் கட்ட வேண்டும். வேலை தரும் நிறுவனம் தான் கொடுக்கும் சம்பளத்தை மட்டும் பார்த்துப் பிடிக்கிறது. சொந்தத் தொழிலில் வரும் லாபம் அதன் கண்ணில் படாது. இரண்டையும் கூட்டிப் பார்ப்பது, ஆண்டு முடிந்தபின் நாம் தாக்கல் செய்யும் வரிக் கணக்கில்தான்.

ஓர் உதாரணம். சம்பளம் 26,000 பவுண்டு. செலவு போக டியூஷன் லாபம் 6,000. சம்பளம் வரம்புக்குள் இருப்பதால் மாதாமாதம் கடன் பிடித்தமே இல்லை. ஆனால் மொத்த வருமானம் 32,000. வரம்பைத் தாண்டிய 3,530 பவுண்டுக்கு 317 பவுண்டு கடன் தவணை. லாபத்துக்கு 20 சதவீத வருமான வரி 1,200. போதாததற்கு, அடுத்த ஆண்டு வரிக்கு முன்பணமாக 600. ஆக, 2027 ஜனவரி 31க்குள் 2,117 பவுண்டு கட்ட வேண்டும். ஜூலையில் இன்னொரு 600. 2025 ஏப்ரலில் சம்பாதித்த பணத்துக்கு ஏறக்குறைய 22 மாதம் கழித்து பில் வருகிறது. அதற்குள் அந்தப் பணம் வாடகைக்கும் பயணத்துக்கும் செலவாகியிருக்கும்.

கவனிக்க வேண்டியவை

* தொழில் வரவு, செலவைக் கழிக்கும் முன்பே, ஆண்டுக்கு 1,000 பவுண்டைத் தாண்டினால், வரி ஆண்டு முடிந்தபின் வரும் அக்டோபர் 5க்குள் சுயதொழிலுக்குப் பதிவு செய்யுங்கள்.

* சம்பளமே வரம்பைத் தாண்டியிருந்தால் லாபம் முழுவதற்கும் 9 சதவீதம் உண்டு. அடிப்படை வரியையும் சேர்த்து, நூறு பவுண்டு லாபத்துக்கு 29 பவுண்டைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். லாபம் 12,570ஐத் தாண்டினால் மிஞ்சும் தொகைக்கு தேசியக் காப்பீடு 6 சதவீதம் கூடும்.

* நிறுவனம் ஏற்கெனவே பிடித்த கடன் தொகை பி60 படிவத்தில் இருக்கும். அதை வரிக் கணக்கில் மறக்காமல் குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால் ஒரே கடனுக்கு இரண்டு முறை கட்ட நேரிடும்.

* வங்கி வட்டி, பங்கு ஈவு, வாடகை ஆகியவை சேர்ந்து 2,000 பவுண்டைத் தாண்டினால் அவையும் கணக்கில் சேரும்.

யார் சொல்ல வேண்டும்?

2026 ஏப்ரலில் வரம்பு 29,385 பவுண்டாகிறது. 2027 ஏப்ரல் முதல் மூன்று ஆண்டுகளுக்கு அது அங்கேயே நிற்கும் என்று அரசு அறிவித்திருக்கிறது. சம்பளம் ஏற, ஏற, இன்று பிடித்தத்தில் சிக்காத சிறு வருமானங்களும் சிக்கும்.

மொத்த வருமானத்துக்கு ஏற்பக் கடனைத் திருப்பிக் கட்டச் சொல்வது நியாயமே. ஒரே வருமானம் உள்ள இருவரில் ஒருவர் சம்பளக்காரர் என்பதற்காக அதிகம் கட்டுவது சரியல்ல. ஆனால் கணக்கைக் காலம் கடந்து நீட்டுவது நியாயம் ஆகாது. கடன் இருப்பதும் தொழில் பதிவாவதும் அரசுக்குத் தெரியும். பதிவு செய்த அன்றே, 'லாபத்தில் 9 சதவீதத்தைக் கடனுக்கு ஒதுக்கி வையுங்கள்' என்று ஒரு கடிதம் அனுப்பலாம். பட்டம் தரும் பல்கலைக்கழகமும் கடைசி ஆண்டில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைச் சொல்லித் தரலாம். உழைத்துப் பிழைக்கும் பிள்ளைகள் கடனைக் கட்டத் தயாராகவே இருக்கிறார்கள். எவ்வளவு, எப்போது என்று முன்கூட்டியே சொல்வது, வட்டியோடு வசூலிக்கும் அரசின் கடமை.