எங்கேஜ் டோன் யாருக்குக் கேட்கும்?

கோவை கணபதியில் என் தாய்மாமாவுக்கு பம்ப்செட் ஸ்பேர்ஸ் வியாபாரம். எட்டுப் பேர் வேலை பார்க்கும் ஆபீஸ். வாசல் போர்டு, பில் புக், தினசரி காலண்டர், சுற்றுப்பட்டு மோட்டார் ரூம் சுவர்... எல்லாவற்றிலும் ஒரே நம்பர். 0422 போட்டுக் கூப்பிடும் லேண்ட்லைன். 'செல்போன் காலத்துல லேண்ட்லைனா?' என்று சிரிக்காதீர்கள். நூறு தோட்டத்துச் சுவரில் எழுதின நம்பரை மாற்றுவது, கல்யாணம் முடிந்தபிறகு ஜாதகத்தை மாற்றுகிற மாதிரி. யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்!

போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் மாமாவுக்குப் பக்கத்து இலை, தாராபுரத்துக்காரர் ஒருவருக்கு. பதினோரு வருஷமாக எங்களிடம் சரக்கு எடுத்தவர். ஒரு வருஷமாக ஆளையே காணோம்.

"ஏனுங், நம்ம கடைய மறந்துட்டீங்களாட்ட இருக்குது?" என்றார் மாமா.

அவர் இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "மறக்குலீங்க. எப்பக் கூப்புட்டாலும் எங்கேஜுங்க. மோட்டாரு எரிஞ்சுபோச்சு, பயிரு காயுதுன்னு வந்து நிக்கறவன எத்தன நேரமுங் நிக்க வெக்கறது? வேற எடத்துல வாங்கிட்டனுங்."

மாமா அன்று பாயசம் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார். "அதெப்படி மாப்ளே? நம்ம போனு பாதி நேரம் சும்மாதான கெடக்குது?"

பி.காம். படித்த பாவத்துக்கு கணக்கு என் தலையில் விழுந்தது. திங்கட்கிழமை காலை, கூட்டம் அதிகமான 10 மணியிலிருந்து 11 மணி வரை நோட்டும் பேனாவுமாக போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வந்த கால் பத்து. ஒவ்வொன்றும் சராசரி மூன்று நிமிஷம். (விலை கேட்க ஒரு நிமிஷம் போதும். "நல்லா இருக்கீங்ளா? ஊர்ல மழைங்ளா? பாப்பா எத்தனாவது படிக்குதுங்?" - இதற்கு இரண்டு நிமிஷம். நம்ம ஊர் மரியாதையைக் குறைக்க முடியுமா?) ஆக, முப்பது நிமிஷம் பேச்சு, முப்பது நிமிஷம் போன் சும்மா.

மாமா சொன்னது சரிதான். ஆனால், கதையே அங்கேதான் இருக்கிறது!

போன் பாதி நேரம் பிஸி என்றால், யார் எப்போது அடிப்பார் என்று தெரியாத நிலையில், அடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு எங்கேஜ் டோன்தான். நமக்குப் பத்துப் பேர் கிடைத்தார்கள் என்றால், இன்னொரு பத்துப் பேர் திரும்பிப் போயிருக்கிறார்கள். அந்தப் பத்துப் பேர் எந்தப் பேரேட்டிலும் வரவில்லை. எங்கேஜ் டோன் வாடிக்கையாளருக்குத்தான் கேட்கும். முதலாளிக்குக் கேட்கவே கேட்காது.

இதை முறையாகக் கணக்குப் போட்டவர் எர்லாங் என்கிற டேனிஷ்காரர். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1917-ல் அவர் வெளியிட்ட ஃபார்முலாதான் இன்றைக்கும் வேதம். எங்கள் இருபது காலை அதில் போட்டுப் பார்த்தேன். ஒரு லைன் இருந்தால் 2 பேரில் ஒருவருக்கு எங்கேஜ். இரண்டு லைன் என்றால் 5 பேரில் ஒருவருக்கு. மூன்று என்றால் 16-ல் ஒருவர். நான்கு என்றால் 65-ல் ஒருவர். (எங்கேஜ் கேட்டவர் விடாமல் ரீடயல் அடிப்பதை இந்தக் கணக்கு சேர்ப்பதில்லை. அதையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்!)

மூன்று போதும் என்று முடிவானது. கவனியுங்கள்... எத்தனை மேஜை என்பது அல்ல கணக்கு. கூட்டமான ஒரு மணி நேரத்தில் எத்தனை கால், எத்தனை நிமிஷம் - அவ்வளவுதான்.

போன கஸ்டமருக்காக வருத்தப்பட்ட முதல் ஆள் மாமா இல்லை. அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியில் ஸ்ட்ரௌஜர் என்று ஒருவர். சவ அடக்கம் செய்து தருவது தொழில். தன்னைக் கேட்டு வரும் கால்களை ஆபரேட்டர் பெண்மணி போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்கு ஆத்திரம் என்பார்கள். 'ஆபரேட்டரே வேண்டாம்' என்று தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்து, 1891-ல் பேடன்ட்டும் வாங்கிவிட்டார். நம் நாட்டிலும் பல ஊர்களில் பல காலம் 'டக டக'வென்று ஓடியது அவர் பெயர் கொண்ட எக்ஸ்சேஞ்சுகள்தான்.

அதன் பேரப்பிள்ளைதான் ஆபீஸ் இ.பி.ஏ.பி.எக்ஸ். சுவரில் மாட்டும் சின்னப் பெட்டி. எங்களுடையது மூன்று லைன், எட்டு எக்ஸ்டென்ஷன். வாங்கப் போகிறவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்ட நாலு விஷயம்:

முதலாவது, ஹன்ட்டிங். பழைய நம்பர் பிஸியானால் கால் தானாக அடுத்த லைனுக்குத் தாவ வேண்டும். இதைச் செய்வது நம் பெட்டி இல்லை, டெலிபோன் கம்பெனி. எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் புது லைன் இரண்டும் சும்மா தூங்கும்.

இரண்டாவது, ஒயரிங். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் பெட்டியிலிருந்து தனி ஜோடி ஒயர். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைத்தால், பேச்சுக்கு நடுவே தேனீ ரீங்காரம் இலவசம்.

மூன்றாவது, கரண்ட். 2012-ல் மணிக்கணக்கான மின்வெட்டில் கோவை பட்ட பாட்டை மறக்க முடியுமா? பெட்டிக்கு யு.பி.எஸ். கட்டாயம். லைன் ஃபைபரில் வந்தால் அதன் மோடத்துக்கும் சேர்த்து. இடி மின்னலுக்கு ஒழுங்கான எர்த்.

நாலாவதுதான் முக்கியம். லைன் மூன்று... எடுத்துப் பேச ஒரே அக்கா! முதல் நாள் ஒருவரிடம் மழை விசாரித்துக்கொண்டிருந்தார். மற்ற இரண்டு பேரும் ஹோல்டில் மியூசிக் கேட்டார்கள். எங்கேஜ் டோனுக்குப் பாட்டுக் கட்டிய மாதிரி! உடனே மாற்றினோம். நாலு மணி அடித்தும் அக்கா எடுக்கவில்லை என்றால் கால் ஸ்டோருக்குப் போகும். மூன்றாவது லைனில் வெளியே பேச முடியாதபடி பூட்டு. பசங்களின் சொந்தக் கதைக்கு அவரவர் செல் இருக்கிறதே.

ஒரு மாதம் கழித்து, அதே காலை நேரத்தில் மறுபடி நோட்டுடன் உட்கார்ந்தேன். பதினெட்டு கால்.

"எட்டுப் பேரு..." என்றார் மாமா மெதுவாக. "இத்தன வருசமா தெனமும் எட்டுப் பேருங்கடா..."

பிறகு என்ன தோன்றியதோ, ரிசீவரை எடுத்துத் தாராபுரத்துக்கு டயல் செய்தார். காதில் வைத்தபடியே நின்றார். முகம் மாறியது.

"என்னங் மாமா?"

"எங்கேஜ் மாப்ளே," என்றார். வைத்துவிட்டு, மறுபடி டயல் செய்யத் தொடங்கினார்.